ஐலண்டரை விட்டுக்கொடுக்க மாட்டேன்

போன வாரம் பழைய சகா ஒருவர் மண்டபம் ஊருக்கு வந்திருந்தார். இருவருமே கடற்படையில் விமானம் ஓட்டியவர்கள். நண்டு வறுவல் தீர்வதற்குள் பேச்சு உச்சிப்புளி ஓடுதளத்துக்குப் போய்விட்டது. 2009இல் 'ஐஎன்எஸ் பருந்து' என்ற கடற்படை விமானத்தளம் ஆனதே, அதேதான்.

அவருக்கு டோர்னியர் 228 விமானம்தான் உசத்தி. கான்பூரில் அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல் கட்டுவது, விசிறியைச் சுழற்றும் டர்போப்ராப் இன்ஜின் இரண்டு, நல்ல வேகம். மறுக்கவில்லை. எனக்கு பிரிட்டன்-நார்மன் நிறுவனத்தின் ஐலண்டர் என்ற சிறு விமானம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. மெதுவாகப் போகும், பாக் நீரிணையில் படகு தேடுகிறவனுக்கு அதுதானே வேண்டும்? தாழப் பறந்தால் வலை இழுப்பவர் சட்டை நிறம்கூடத் தெரியும். குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் வெளிர்பச்சையாகக் கிடக்கும் தண்ணீர் சட்டென்று கருநீலமாக மாறும். அதைப் பார்க்கவே இன்னொரு சுற்று வரலாம்.

உள்ளே நடைவழி கிடையாது. பக்கக் கதவைத் திறந்து நேரே இருக்கையில் உட்கார வேண்டியதுதான். சக்கரமும் மடங்காது.

"இறங்கும்போது சக்கரத்தை இறக்க மறந்தோமோ என்ற பயமே இல்லை பாரு" என்றேன்.

"மாப்ளே, மாட்டு வண்டிக்கும் அந்தப் பயம் இல்லை" என்றார்.

உப்புக்காற்று இரண்டு விமானத்தையும் ஒரே மாதிரிதான் அரிக்கும். கடலை ஒட்டிப் பறந்து வந்தால் நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். ராமநாதபுரத்தில் நாங்கள் குடத்தோடு அலைந்த கோடையிலும் விமானம் குளித்துவிடும்!

சேத்தக் ஹெலிகாப்டர் பற்றி மட்டும் சண்டை வரவில்லை. இருவருமே அதில் பின்சீட்டில்தான் போயிருக்கிறோம்.