சிவப்புப் பொத்தான்

“அண்ணாச்சி, அரைச்சிட்டு இருக்கும்போதே மிக்ஸி நின்னுபோச்சு. மோட்டார் போயிட்டோ?”

திருநெல்வேலி வாகையடி முக்குப் பக்கம் ஒரு ரிப்பேர் கடை. அண்ணாச்சி மிக்ஸியைக் கவிழ்த்து, அடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார். ஓடியது.

“உளுந்து கெட்டியா அரைச்சிருப்பிய. தண்ணி விடுங்க தாயி.”

மாவு கெட்டியானால் பிளேடு திணறும்; மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறும். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகுமுன் அந்தச் சிவப்புப் பொத்தான், அதாவது ஓவர்லோட் சுவிட்ச், கரண்டை வெட்டிவிடும். பிளக்கைப் பிடுங்கி, மாவைக் குறைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு அமுக்குங்கள். மறுபடியும் நின்றால் ஜாரின் அடிப்பக்கத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால், பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் இறுகிவிட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது கப்ளர். மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல் வைத்த சின்னத் துண்டு. ஜார் இறுகினால் அதன் பல்தான் முதலில் உடையும், விலை கூடிய மோட்டார் தப்பும். எது முதலில் உடையவேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் கண்டுபிடிப்பு!

நம்ம நாட்டு சுமீத் மிக்ஸி வந்ததும் இப்படி யோசித்துத்தான். வெளிநாட்டு மிக்ஸி நம்ம மசாலாவுக்குத் தாங்கவில்லை.

இப்போது டச் பட்டன், நீல விளக்கு வைத்துப் புதுசு என்கிறார்கள். அரைப்பதில் என்ன மாறியது?

வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். அதன் கப்ளர் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.