டார் பிரவுசர் டவுன்லோடு பாதியில் நின்றால்

பேட்டையிலிருந்து தம்பி ஒருவன் கூப்பிட்டான். "அண்ணே, டார் பிரவுசர் டவுன்லோடு பாதியில நின்னுருது, மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கு."

டார், நம் அடையாளத்தை மறைத்து இணையத்தில் உலவ உதவும் பிரவுசர். 100 எம்பி அளவுக்குப் பெரிய கோப்பு, சிக்னல் ஆடினால் அறுந்துவிடும். முதலில் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தளமே திறக்காவிட்டால், டாரை உருவாக்கும் டார் திட்டத்தின் கெட்டார் என்ற மின்னஞ்சல் சேவைக்கு 'விண்டோஸ்' என்று எழுதி மின்னஞ்சல் அனுப்பலாம். கிட்ஹப் போன்ற மென்பொருள் பகிரும் தளங்களில் உள்ள பிரதிக்கு இணைப்பு வரும்.

வாட்ஸப்பில் யாரோ தள்ளிவிடும் இன்ஸ்டாலர் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தரங்கத்துக்காகப் போடுகிற மென்பொருளைக் கண்ட இடத்திலா வாங்குவது? கூடவே கிடைக்கும், கோப்பு அசல்தானா என்று காட்டும் கையொப்பக் கோப்பையும் இறக்கி, டார் டெவலப்பர்கள் வெளியிட்டிருக்கும் டிஜிட்டல் சாவியை வைத்து ஜிபிஜி என்ற மென்பொருளில் சரிபார்க்க வேண்டும். 'குட் சிக்னேச்சர்' என்று வந்தால் சரி. கோப்பு அரைகுறையாக இறங்கியிருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

தம்பிக்கு மொபைல் டேட்டாவிலேயே இறங்கிவிட்டது. சரிபார்க்கத்தான் சோம்பேறித்தனம், விடுவேனா?