ஒரே ஆள் ரெண்டு எடத்துல

நீலகிரில பச்சக்குழந்தைங்க வார்டுல வேல பாக்குற டாக்டர் யாரக் கேட்டாலும் டயர்டா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. ஆனா டயர்ட் வேற, பர்ன்அவுட் வேற. டயர்டுனா நல்லா தூங்குனா சரியாயிரும். உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன்அவுட்டுக்கு மூணு அடையாளம் சொல்லுச்சு, உடம்பும் மனசும் வத்திப்போறது, பாக்குற வேலையே அந்நியமா ஆயிடறது, என்ன செஞ்சாலும் பிரயோஜனம் இல்லைன்னு தோணறது. எனக்கு பயம் அந்த ரெண்டாவதுலதான்.

கூட வேல பாக்குற ஜூனியர் பொண்ணு, கை அவ்ளோ சுத்தம், நூல் மாதிரி இருக்கிற நரம்புல மொத குத்துலயே மருந்து ஏத்தற லைன் போட்டுருவா. வார்டுக்கு வந்த புதுசுல ஒவ்வொரு அம்மாகிட்டயும் உக்காந்து பேசுவா. இப்ப ஒரு கூடலூர் அம்மா "டாக்டரம்மா, பாப்பா இன்னிக்கு கண்ணு தொறந்துச்சுங்களா"ன்னு கேட்டா, கேஸ் ஷீட்ட பாத்துக்கிட்டே "ஸ்டேபிளா இருக்குமா"ன்னு சொல்லிட்டு நகந்துடறா. அவ மேல எனக்கு கோவம் வரல, வருத்தம்தான் வருது, ஏன்னா அவள அப்படி ஆக்குனது எதுன்னு எனக்குத் தெரியும்.

கர்ப்பத்தோட 28, 30 வாரத்துலயே பொறந்த குழந்தைங்க திடீர்னு மூச்சு விடறதயே நிறுத்திரும், மானிட்டர் கத்தும், ஓடிப்போய் உள்ளங்கால தேய்ச்சா மறுபடி மூச்சு வரும். அதுக்கு காஃபின் குடுக்குறோம் (காபில இருக்கிற அதேதான்), அப்பவும் ராத்திரி பூரா காது அந்த சத்தத்துலயே இருக்கும். இதுகூட பழகிரும்.

பழகாதது குழந்தைய மலைலருந்து கீழ அனுப்பறதுதான். ஆபரேஷன் வேணும்னா பெரும்பாலும் கோயமுத்தூர்தான், குன்னூர்லருந்து மேட்டுப்பாளையம் எறங்கறதுக்குள்ள 14 கொண்ட ஊசி வளைவு, மழக்காலத்துல மண்ணு சரிஞ்சா கோத்தகிரி சுத்திதான் போகணும். ஒரு கிலோ குழந்தைக்கு மூச்சுக்குழாயில போடற ட்யூப் உதட்டுலருந்து 7 செ.மீ.தான் உள்ள இருக்கும், வளைவுல வண்டி சாயறப்ப ஒரு செ.மீ. நகந்தாலே வெளிய வந்துரும், இல்லன்னா ஒரு பக்க நுரையீரலுக்குள்ள எறங்கிரும். வார்டு டாக்டரே கூட வண்டில ஏறி, ஒரு கையில ட்யூப்ப புடிச்சு இன்னொரு கையில நிமிஷத்துக்கு 40லருந்து 60 தடவ காத்து குடுக்கற பேக் அமுக்கிட்டே போகணும். குளிர் வேற, குழந்தை உடம்பு 36.5 டிகிரிக்கு கீழ போகக்கூடாது. இத்தனைக்கும் நடுவுல மனசு மேல வார்டுலயே நிக்கும், அங்க அடுத்த பிரசவத்துல குழந்தை அழலைன்னா யார் பாப்பாங்கன்னு.

எங்களுக்கு யோகா கிளாஸ் வெச்சாங்க, நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஒரு மணி நேரமும் டூட்டி போனு பக்கத்துலயேதான் இருந்துச்சு.

வார்டுல உண்மையிலேயே பாரத்த கொறச்சது கங்காரு முறைதான். 1978ல கொலம்பியா நாட்டு பொகோட்டால இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்சது, அம்மா நெஞ்சோட தோலுக்குத் தோல் ஒட்டி வெக்கிறது. ஊட்டி குளிருக்கு அவ்ளோ பொருத்தம். அம்மா உள்ள வந்துட்டா குழந்தைய பாத்துக்க கூட ஒரு ஆள் இருக்குன்னு நமக்கும் தெம்பு வருது.

எங்க ஜூனியருக்கு லீவு வாங்கிக் குடுத்தோம், போயிட்டு வந்தா, ரெண்டே வாரத்துல பழையபடி ஆயிட்டா. எனக்குத் தெரிஞ்சு இதுக்கு வேண்டியது ரெண்டு விஷயம். குழந்தைய கீழ கொண்டுபோக பயிற்சி எடுத்த தனி டீம், வார்டு டாக்டர வண்டில ஏத்தக்கூடாது. அப்புறம் ஒரு குழந்தை இறந்துட்டா, அதே கையோட அடுத்த குழந்தைக்கு ஓடாம, அன்னிக்கு மிச்ச டூட்டிய எடுத்துக்க இன்னொரு டாக்டர்.