ஆச்சியோட டிரங்கு பொட்டி

1964ல பர்மாவுல கடைகள எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டு, மே மாசம் 50, 100 சாட் நோட்டும் செல்லாதுன்னு சொன்ன பொறவுதான் எங்க ஆச்சியும் தாத்தாவும் ரெண்டு பிள்ளையளோட ரங்கூன்ல கப்பல் ஏறி மெட்ராஸ் வந்து, அங்கேருந்து பாளையங்கோட்டை. கேட்டா "வந்தோம், பொழைச்சோம்"னு அவ்ளோதான் சொல்லுவா. ஆனா சாகுற வரைக்கும் கட்டிலுக்கு அடியில ஒரு டிரங்கு பொட்டி, உள்ள ரெண்டு சேலை, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், ஒரு டப்பா அவல். ராத்திரி யாராவது கதவ தட்டுனா மொதல்ல கை அந்தப் பொட்டி மேலதான் போவும். இப்ப நெனச்சாலும் நெஞ்சு அடைக்கி.

பெரிய அதிர்ச்சிக்குப் பொறவு மனசுல தங்கிப்போற பாதிப்புக்கு பிடிஎஸ்டிங்கற பேரே 1980லதான் அமெரிக்க மனநல கையேட்டுல ஏறுச்சு, அதுக்கு முன்னாடி எத்தன பேரு இத பேரில்லாம சுமந்திருப்பாவ! ஆபத்து முடிஞ்சாலும் ஒடம்பு காவல் காத்துக்கிட்டே இருக்கும்லா. அவள நெலையா நிறுத்துனது தெனமும் மாறாம செஞ்ச வேலையும் அக்கம்பக்கமும்தான்னு நான் நம்புதேன், விடியமுன்ன வாசத்தெளிச்சு கோலம், வெள்ளிக்கிழம நெல்லையப்பர் கோயில், சாயங்காலம் திண்ணையில தெருப் பொம்பளையளோட பேச்சு, மாசாமாசம் சீட்டு.

வீடு கட்டி பத்து வருசம் மரமே வைக்க விடலையாம், அப்புறம் ஒருநா அவளே போய் ஒரு மாங்கன்னு வாங்கிட்டு வந்து கெணத்துப் பக்கம் நட்டுருக்கா. இந்த வருசம் கெள தாங்கல, அவ்ளோ காய்.