அதிர்ச்சிக்கான தெரப்பி: பதிவும் ஏணியும்

விபத்து, தாக்குதல், வன்கொடுமை என எது நடந்திருந்தாலும், முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும் சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் நோய் அல்ல. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே தணிந்துவிடும். அந்தச் சமயத்தில் ஒருவரை உட்காரவைத்து "மனசுல இருக்கிறதையெல்லாம் கொட்டிடு" என்று வற்புறுத்துவது பலன் தராது, சிலருக்குக் கெடுதலும் செய்யும். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் தெரப்பிஸ்ட்டைப் பாருங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

தொடக்கத்தில் பல இடங்களில் பிசிஎல்-5 என்ற 20 கேள்விகள் கொண்ட தாளை நிரப்பச் சொல்வார்கள். அதிர்ச்சிக்குப் பிறகு வரும் பிடிஎஸ்டி என்ற நோயின் அறிகுறிகளை அளப்பதற்கு அது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 31–33ஐத் தொட்டால் விரிவாகப் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். நோய் உறுதியாகிவிட்டது என்று அல்ல. அந்தத் தாளில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இங்கே சொல்வது உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய ப்ரொலாங்டு எக்ஸ்போஷர் முறையைப் பற்றி. பயந்து தவிர்ப்பதைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் தெரப்பி இது. பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். முதல் இரண்டு அமர்வுகள் விளக்கம், மூச்சுப்பயிற்சி, பட்டியல் போடுவது என்று போய்விடும். அந்தப் பட்டியல்தான் ஏணி. நீங்கள் தவிர்த்துவரும் இடங்களையும் செயல்களையும் எழுதி, 0 முதல் 100 வரை பயத்துக்கு எண் போட வேண்டும். கார் விபத்து என்றால், நிற்கும் காரில் உட்காருவது 40, காலியான சாலையில் பக்கத்து இருக்கையில் போவது 55, தானே ஓட்டுவது 75, விபத்து நடந்த வளைவு 90. 40–50 அளவில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். பயம் பாதியாகக் குறையும்வரை அல்லது 30–45 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் இருக்கும்போது எழுந்து வந்தால், "ஓடியதால்தான் பிழைத்தேன்" என்றே மூளை கற்றுக்கொள்ளும். ஏணியில் இருப்பவை உண்மையில் ஆபத்தில்லாதவையாக இருக்க வேண்டும். அடிப்பவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருப்பவர் முதலில் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏணி ஏறியும் பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் ஒரு சின்ன ஊன்றுகோலைக் கையில் வைத்திருப்பார்கள்: கதவுப் பிடியை இறுக்கிப் பிடிப்பது, முழு நேரமும் போனில் யாரோடாவது பேசுவது, "எதுக்கும் இருக்கட்டும்" என்று பையில் ஒரு மாத்திரை.

மூன்றாவது அமர்வு வாக்கில் கடினமான பகுதி வரும். கண்ணை மூடி, நடந்ததை நிகழ்காலத்தில், 30–45 நிமிடம், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து தருவார்கள். வீட்டில் தினமும் கேட்க வேண்டும். இங்கே நாக்கு ஏமாற்றும். "லாரி வருது" என்று தொடங்கியவர் மோசமான நொடி நெருங்கியதும் "வந்தது, மோதியது" என்று செய்தி வாசிப்பதுபோல முடித்துவிடுவார். தவிர்ப்பு அந்த வினைமுற்றில் ஒளிந்திருக்கிறது. நல்ல தெரப்பிஸ்ட் அதைக் கவனித்து, அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் தனியே எடுத்துப் பலமுறை சொல்லவைப்பார். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பதும் கணக்கில் சேராது. படுக்கப்போகும் முன் கேட்கவும் வேண்டாம்.

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. சொல்லும்போதே இந்த அறையில் இருக்கிறோம் என்பதே மறந்துபோனால் கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, இறந்தகாலத்தில் சொல்லலாம். அப்போது அது ஏமாற்று வேலை அல்ல.

இந்தக் கட்டத்தில் சிலருக்குக் கெட்ட கனவுகள் கொஞ்ச காலம் கூடும். சிகிச்சை கெடுக்கிறது என்று எண்ணிப் பாதியில் விடுபவர்கள் உண்டு. அமர்வை ரத்து செய்வதற்குப் பதிலாக, போய் அதையே சொல்லுங்கள். வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறது.

மாத்திரை என்றால் செர்ட்ராலின், பராக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைத் தருவார்கள். பலன் தெரிய 4–6 வாரம் பிடிக்கலாம். அல்பிரசோலம், டயஸிபாம் வகை மாத்திரைகள் பதற்றத்தை உடனே ஆற்றும், ஆனால் பழக்கமாகிவிடும், பயத்தைத் தாண்டக் கற்பதையும் தடுக்கும். ஏற்கெனவே எடுத்துவந்தால் திடீரென நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறையுங்கள்.

சில வாரங்களுக்கு ஒருமுறை அந்த 20 கேள்விகளை மறுபடி நிரப்புங்கள். 10 மதிப்பெண் அளவு குறைந்திருந்தால் அது உண்மையான முன்னேற்றம். 2, 3 குறைவதும் கூடுவதும் அந்த வாரத்துத் தூக்கத்தைப் பொறுத்தது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.