அடுத்த துணைநூல் எப்போது?

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராக மாறி ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கான நூல்களைப் பதிப்பிப்பது என் வேலை. ஒரு விளையாட்டுக்கு அடிப்படை விதிநூல் ஒன்று இருக்கும்; அதன்மேல் ஆடுவதற்கான கதைகளையோ கூடுதல் விதிகளையோ தருபவை துணைநூல்கள். ஆண்டுத் திட்டக் கூட்டங்களில் எப்போதும் முதலில் எழும் கேள்வி, இந்தக் காலாண்டில் எதை விற்பது என்பதுதான். சென்ற நூலை வாங்கியவர்கள் அதை ஆடி முடித்துவிட்டார்களா என்று நான் கேட்பேன்.

நாவலை ஒருவர் தனியாக, சில நாட்களில் படித்துவிடலாம். ஆடுவதற்கான கதையைத் தரும் நீண்ட சாகசநூலுக்கு நாலைந்து பேருக்கு ஒரே மாலையில் ஓய்வு கிடைக்க வேண்டும். வாரந்தோறும் கூடினால்கூட ஓராண்டு போய்விடும். அதற்குள் மேலும் மூன்று சாகசநூல்களை அச்சிட்டால், பழையதே பிரிக்காமல் கிடக்கிறதே என்று வாசகர் வாங்குவதை நிறுத்திவிடுவார். புகார் எதுவும் வராது. விற்பனைக் கணக்கு குறையும்போதுதான் நமக்குத் தெரியும்; அப்போதும், இன்னொரு நூல் போட்டால் சரியாகிவிடும் என்றே தோன்றும். இந்தச் சுழல்தான் எனக்குப் பெரும் கவலை.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் 1990இல் ரேவன்லாஃப்ட், 1991இல் டார்க் சன், 1994இல் பிளேன்ஸ்கேப், 1995இல் பர்த்ரைட் என்று புதுப்புதுக் கதையுலகங்களைக் கொண்டுவந்தது. அவற்றில் சில இன்றும் வியக்க வைக்கும் படைப்புகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித் துணைநூல் வரிசை. டார்க் சன் ஆடும் குழுவுக்கு பர்த்ரைட் நூலால் பயனில்லை. எழுத்து, ஓவியம், அச்சு என்று செலவு எல்லா நூலுக்கும் உண்டு, வாங்குபவர்களோ பிரிந்துபோனார்கள். நிறுவனம் நொடித்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இதை யாரும் ஒதுக்கிவிட முடியாது. 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற இன்னொரு விளையாட்டு நிறுவனம் அதை வாங்கியது.

அதே விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தபோது வேகம் வேறு. சாகசநூல்கள் நிதானமாக வந்தன. ஆட்டக்காரர்களுக்கான முதல் பெரிய கூடுதல் விதித் தொகுப்பு 2017 நவம்பரில்தான் வெளியானது. சிறு பதிப்பகத்தால் அவ்வளவு காலம் தாங்க முடியாது. சம்பளம் மாதாமாதம் கொடுத்தாக வேண்டுமே. ஆகவே, இரண்டு பெரிய நூல்களுக்கு நடுவே ஓரிரு அமர்வுகளில் முடியும் சிறு சாகசங்களை மின்நூலாகத் தரலாம் என்பேன். அடிப்படை விதிநூல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றை ஆட முடிய வேண்டும். ஒரு துணைநூலுக்கு இன்னொரு துணைநூல் தேவை என்ற நிலை வந்தால் புதியவர் உள்ளே நுழையவே மாட்டார்.

விதிநூலின் இருப்பையும் கவனிக்க வேண்டும். புதிய துணைநூலைப் பார்த்து ஆர்வம் கொண்டவர் முதலில் தேடுவது அதைத்தான். அது கடையில் இல்லையென்றால் இரண்டுமே விற்காது. மறுபதிப்புக்கான பணத்தை ஒதுக்கிய பிறகே அடுத்த நூலைப் பேச வேண்டும்.

பரிசோதனை ஆட்டங்களுக்கு வேண்டிய காலமும் வளர்ந்துகொண்டே போகும். புதிய மந்திரம் ஒன்றை முந்தைய நூல்களின் மந்திரங்களோடும் திறன்களோடும் சேர்த்து ஆடிப் பார்க்க வேண்டும். முதல் துணைநூலுக்குக் கொடுத்த அவகாசத்தையே ஆறாவதற்கும் அட்டவணையில் எழுதினால், அந்தத் தேதியை நான் ஒப்புக்கொள்வதில்லை.