கட்டுத்தரை மாட்டுக்கு எந்தக் காதுவில்லை, எந்த ரீடர்?

கன்று, கிடாரி, கறவை எல்லாம் சேர்த்து எங்களிடம் இருபத்துச் சொச்சம் உருப்படி இருக்கின்றன. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) மாடு என்றால் கறுப்பு வெள்ளைத் திட்டை வைத்தே இது இன்னது என்று சொல்லிவிடலாம். எங்களுடையதில் பாதிக்கு மேல் ஜெர்சிக் கலப்பு, எல்லாம் ஒரே செவலை. வீட்டு ஆட்களுக்குக் குழப்பம் வராது. ஆனால் கறவைக்கு வரும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது இருப்பவர் ஒடிசாக்காரர், நல்ல வேலைக்காரர். 'சின்னச் செவலைக்குக் குடற்புழு மருந்து' என்று சொன்னால் பெரிய செவலைக்கு ஊற்றிவிட்டு வருகிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அதனால்தான் உள்ளே எண் பதிந்த சிப் வைத்த எலக்ட்ரானிக் காதுவில்லையும் அதைப் படிக்கும் ரீடரும் வாங்கலாமா என்று விசாரிக்க ஆரம்பித்தேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் மஞ்சள் வில்லை. கால்நடைத் துறை போடும் 12 இலக்க எண் வில்லையைத்தான் ஊரில் மாட்டு ஆதார் என்கிறார்கள். கோமாரித் தடுப்பூசி, சினை ஊசி எல்லாம் அந்த எண்ணில்தான் அரசின் பாரத் பசுதன் செயலியில் ஏறுகின்றன. அதில் பார்கோடும் உண்டு, போன் கேமராவே படித்துவிடும். புதிதாக இருக்கும்வரைதான் அந்தச் சௌகரியம். தீவனத்தொட்டி விளிம்பில் உரசி, சாணியும் ஏறிவிட்டால் கேமராவுக்குப் பார்கோடு தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் மாட்டின் காதைப் பிடித்து 12 இலக்கத்தை வாய்விட்டுப் படித்து, இன்னொருவர் எழுதினால் ஒரு இலக்கமாவது மாறும். சினை ஊசிக் கணக்கு வேறு மாட்டுக்குப் போய்விடும்.

இதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் வில்லை மட்டும் போடலாமா என்று எங்கள் கால்நடை மருந்தகத்து உதவியாளரைக் கேட்டேன். "அதை மட்டும் தொட்டுறாதீங்க. நீங்க எத்தனை வில்லை வேணும்னாலும் அந்தப் பக்கக் காதுல போட்டுக்கங்க. மாடு செத்துப்போச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க வந்து மொதல்ல இந்தக் காதைத்தான் பாப்பாங்க" என்றார். வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை என்பது மாட்டுக் காப்பீட்டில் பழைய நடைமுறை. ஆகவே நாம் போடும் எலக்ட்ரானிக் வில்லை மஞ்சளுக்கு மாற்று இல்லை, நம் சொந்த வசதிக்கு மட்டும்தான். இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் எவ்வளவு செலவு செய்யலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

அப்புறம் கடைக்காரர்களிடம் பேசினேன். ரேடியோ அலையால் தொடாமலே எண்ணைப் படிக்கும் எல்லாவற்றையும் 'ஆர்.எஃப்.ஐ.டி.' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். உள்ளே இருப்பது மூன்று வேறு சரக்கு. முதலாவது, போனில் இருக்கும் என்.எஃப்.சி., அது 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்யும். தனி ரீடரே வேண்டாம், போனே போதும் என்று ஆசை காட்டுவார்கள். ஆனால் போனின் முதுகை வில்லையோடு ஒட்டிப் பிடித்தால்தான் படிக்கும். காதுக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனால் எந்த மாடு சும்மா நிற்கும்? இரண்டாவது யு.எச்.எஃப்., அதைவிட மிக அதிக அதிர்வெண் அலை, சில மீட்டர் தள்ளியே படிக்கும். அதனாலேயே உங்கள் எதிரே நிற்கும் மாட்டைக் கேட்டால் பக்கத்து மாடும் அதற்கடுத்ததும் சேர்ந்து பதில் சொல்லும். வரிசையாகக் கட்டியிருக்கும் கொட்டகையில் அது தொல்லை. மூன்றாவதுதான் 134.2 கிலோஹெர்ட்ஸ். கால்நடைகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்று சர்வதேசத் தரம் வகுத்திருப்பது இதற்குத்தான். நான் எடுத்தது இதைத்தான்.

இதிலும் இரண்டு வகை உண்டு. எஃப்.டி.எக்ஸ்-பி வில்லை ரீடரின் காந்தப்புலம் இருக்கும்போதே பதில் சொல்லும். எச்.டி.எக்ஸ். வில்லை அந்தப் புலத்திலிருந்து கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்துக்கொண்டு, ரீடர் ஓய்ந்த பிறகு பேசும். அதனால் தூரமும் கூடுதல், சுற்றியிருக்கும் மின் இரைச்சலும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. விலையும் அதிகம். விலை குறைந்த ரீடர்கள் பலவும் எஃப்.டி.எக்ஸ்-பி மட்டும்தான் படிக்கும், எச்.டி.எக்ஸை ஏறெடுத்தும் பார்க்காது. வில்லையும் ரீடரும் வேறு வேறு கடையில் வாங்கினால் இதை வாய்விட்டுக் கேட்டே ஆகவேண்டும்.

ரீடர் விஷயத்தில்தான் ரொம்ப நேரம் போனது. இணையத்தில் காட்டும் வீடியோ எல்லாம் ஆஸ்திரேலியா, அமெரிக்கா. ஆஸ்திரேலியாவில் மாட்டுக்கு எலக்ட்ரானிக் வில்லை கட்டாயம். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சில வகை மாடுகளுக்கு 2024 நவம்பர் முதல் கண்ணாலும் கருவியாலும் படிக்கக்கூடிய வில்லை இருக்கவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அங்கே குறுகலான கம்பி வழியில் நூற்றுக்கணக்கில் மாடுகள் ஓடும், ஓரமாக ஒருவர் நீளக் கம்பு ரீடரை நீட்டிக்கொண்டே இருப்பார். கம்பி வேலிக்கு வெளியே நின்று ஓடுகிற மாட்டைப் படிக்கத்தான் அந்த நீளம். நம் மாடு கட்டுத்தரையில் நிற்கிறது, கழுத்தைச் சொறிந்துகொடுத்தால் தலையை நம் பக்கமே சாய்க்கும். அதற்குப் பல பத்தாயிரம் ரூபாயில் கம்பு எதற்கு? சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் கையடக்க ரீடர் போதும் என்று முடிவு செய்தேன்.

வாங்குமுன் அது உண்மையிலேயே படிக்குமா என்று பார்க்க ஒரு வழி கிடைத்தது. நாய்களுக்குத் தோலுக்கடியில் ஊசியால் போடும் மைக்ரோசிப் பெரும்பாலும் இதே 134.2, இதே எஃப்.டி.எக்ஸ்-பி. ஒரு விற்பனையாளரிடம் மாதிரிக்கு இரண்டு வில்லை வாங்கிக்கொண்டு, ஈரோட்டில் தெரிந்த நாய் டாக்டரிடம் போய் அவருடைய ஸ்கேனரில் காட்டினேன். டிக் என்று 15 இலக்கம் வந்தது. அதே மாதிரி கருவி ஒன்றை வாங்கி வந்து கொட்டகையில் பார்த்தபோது விற்றவர் சொன்ன தூரத்துக்கும் நடப்புக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. நாங்கள் வாங்கிய, பொத்தான் மாதிரி வட்டமான வில்லையின் முகம் ரீடரைப் பார்த்திருந்தால் ஏறக்குறைய ஒரு சாண். பக்கவாட்டில் திரும்பினால் நாலு விரல். கறவை மெஷின் மோட்டார் ஓடும்போது அதன் பக்கத்தில் நிற்கும் மாட்டுக்கு அதுவும் இல்லை. மோட்டாரை நிறுத்தினால் படிக்கிறது. இரும்புக் குழாய்த் தடுப்பை ஒட்டிக் காது இருந்தாலும் தூரம் குறைகிறது. நான் இதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சாண் தூரம் என்றால் பக்கத்து மாட்டின் எண் தப்பித்தவறியும் வராது.

அந்த 15 இலக்கத்தில் முதல் மூன்றையும் பாருங்கள். இந்தியாவின் நாட்டு எண் 356. கடையில் கிடைக்கும் வில்லைகள் பலவற்றில் 900 அல்லது அதற்கு மேல் ஒரு எண்தான் இருக்கும், அது தயாரிப்பாளர் எண். நம் உபயோகத்துக்கு எதுவானாலும் சரி, ஒரே எண் இரண்டு வில்லையில் வராமல் இருந்தால் போதும். ஐகார் சான்று பெற்ற வில்லை என்றால் அந்த பயம் குறைவு. இந்த ஐகார் டெல்லியில் இருக்கும் நம் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அல்ல, கால்நடைப் பதிவுகளுக்கான சர்வதேச அமைப்பு. பாக்கெட்டைப் பிரித்ததும் எல்லா வில்லையையும் மேசைமேல் வைத்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் காதில் குத்தவேண்டும்.

குத்துவதற்கு அந்தந்த வில்லைக்கு உரிய குறடுதான் சரி. மஞ்சள் வில்லைக் குறட்டின் ஊசி எங்கள் பொத்தானுக்குப் பொருந்தவில்லை, தனியாக வாங்கினோம். காதை வெளிச்சத்துக்கு எதிராக விரித்துப் பிடித்தால் ரத்தக் குழாய்களும் குருத்தெலும்பு வரிகளும் தெரியும். மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவில், தலைக்கும் காது நுனிக்கும் இடைப்பட்ட பகுதியில் குத்தவேண்டும். நுனிப்பக்கம் போட்டால் வேலியில் மாட்டிக் கிழியும். உதவியாளர் ஊசியை டிஞ்சரில் நனைத்து ஒரே அமுக்கு, சடக்கென்று கேட்டது, மாடு ஒரு உதறு உதறியது, அவ்வளவுதான். ஈ மொய்க்காமல் இருக்கப் புண் ஆறும்வரை வேப்பெண்ணெய் தடவினோம். மழைக்காலத்தில் குத்தாதீர்கள், புண் ஆற நாளாகும். கன்றுகளுக்குக் காது கொஞ்சம் வளரட்டும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்து கணக்கு. உண்மையில் ரீடர் தருவது ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நீங்கள் என்ன எழுதி வைத்திருக்கிறீர்களோ அதுதான் பயன். எங்கள் ரீடரில் ப்ளூடூத் கீபோர்டு முறை இருக்கிறது. போன் அதைக் கீபோர்டு என்றே நினைத்துக்கொள்ளும். கணக்கு எழுதும் எக்செல் ஷீட்டில் தேடும் கட்டத்தைத் தொட்டுவிட்டு வில்லையைப் படித்தால் எண் தானாக விழும், அந்த மாட்டின் வரி வரும். தனிச் செயலிக்கு மாதாமாதம் சந்தா கட்டச் சொன்ன கருவிகளை இதனால்தான் ஒதுக்கினேன். எங்கள் ஷீட்டில் பெயர், 12 இலக்கம், 15 இலக்கம், கடைசியாகக் கன்று போட்ட தேதி, சினை ஊசித் தேதி, மருந்து, மாதம் ஒருநாள் அளக்கும் பால் எல்லாம் இருக்கின்றன. சினை ஊசி போட வருபவருக்கு அந்த வரியில் உள்ள 12 இலக்கத்தைக் காட்டினால் அவர் வேலையும் சுலபம். ஒன்றை மறக்காதீர்கள்: எண் வரும் கட்டங்களை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எக்செல் 15 இலக்கத்தைச் சுருக்கி 9.00E+14 என்று காட்டும், எல்லா மாடும் ஒரே மாடு மாதிரி தெரியும்.

இதெல்லாம் இருந்தும் ஒரு வேலைக்கு இது உதவாது. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பால் கேனில் கலந்துவிடக் கூடாது. விடியற்காலை இருட்டில் கறக்கிறவர் ஒவ்வொரு காதாக ரீடரைக் காட்டிக்கொண்டு இருக்க மாட்டார். அந்த மாட்டுக்குப் பின்னங்காலில் சிவப்பு நாடா கட்டுகிறோம். மருந்து அட்டையில் போட்டிருக்கும் நாள் கழிந்த பிறகுதான் அவிழ்ப்பது. பாஷை தெரியாதவருக்கும் அது புரிகிறது.

ஐந்தாறு மாடு வைத்திருப்பவர்கள் கேட்டால் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மஞ்சள் வில்லையைத் துடைத்துப் படம் எடுத்து, மாட்டின் பெயரோடு போனில் வைத்துக்கொண்டால் போதும். பத்துப் பதினைந்துக்கு மேல், அதிலும் வேலைக்கு ஆள் வைத்திருந்தால் யோசிக்கலாம். பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒரே வகை வில்லை போட்டுக்கொண்டு ரீடர் ஒன்றை மட்டும் பொதுவில் வாங்கினாலும் நடக்கும், தினமும் தேவைப்படும் சாமான் அல்ல அது. எங்கள் வில்லையில் ஒன்று ஏற்கெனவே தொட்டியில் மாட்டிப் பிய்ந்துவிட்டது. புதிதாகப் போட்டதும் ஷீட்டில் பழைய எண்ணை அழிக்காமல் அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் புதியதைச் சேர்த்தேன், இல்லாவிட்டால் அதுவரை எழுதிய கணக்கு எந்த மாட்டுடையது என்று தேட வேண்டியிருக்கும். மஞ்சள் வில்லை விழுந்தால் மட்டும் நாமாக எதுவும் செய்யாமல் மருந்தகத்துக்கும் காப்பீட்டுக்காரருக்கும் உடனே சொல்லிவிடுங்கள். செயலியில் பழைய எண்ணை மாற்றிப் புது எண் ஏற்றுவது அவர்கள் வேலை.